ஓடியது எவ்வளவு, காட்டுவது எவ்வளவு?
பைக் மீட்டர் கேள்வி – பதில்

கே: டிஜிட்டல் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைக்கவே முடியாது என்று பைக் விற்பவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

ப: வண்டியை நம்பலாமா என்பதைப் பிறகு பார்ப்போம், அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். டிஜிட்டல் ஆனதால் எண் பத்திரமாகிவிடவில்லை. மோசடிக்காரரின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்த இடத்தில் இப்போது லேப்டாப் இருக்கிறது, அவ்வளவுதான்.

கே: பழைய மீட்டரில் உருளை சுற்றும், எண் ஏறும், புரிந்தது. டிஜிட்டலில் அந்த எண் எங்கே இருக்கிறது?
– பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி

ப: பழைய வண்டியில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். முன்சக்கர ஹப்பில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஏறும் மீட்டர் கேபிள். மேலே எண் எழுதிய உருளைகள். கேபிளைக் கழற்றிவிட்டால் உருளை நகராது. வண்டி ஓடும், மீட்டர் தூங்கும். அந்தக் காலத்து மோசடி அதுதான்.

இப்போது கேபிள் செய்த வேலையைச் சென்சார் செய்கிறது. சில வண்டிகளில் அது முன்சக்கரத்தில், சிலவற்றில் பின்சக்கரத்தில், சிலவற்றில் கியர்பாக்ஸிலிருந்து செயின் கிளம்பும் இடத்தில். ஏ.பி.எஸ். வண்டியாக இருந்தால் பிரேக் டிஸ்க்குக்கு உள்பக்கம், வரிசையாகத் துளையிட்ட மெல்லிய வளையம் ஒன்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு துளையும் கடக்கும்போது சென்சாரில் ஒரு மின் துடிப்பு. 100/80-17 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.86 மீட்டர் நகரும். கிலோமீட்டருக்குச் சுமார் 538 சுற்று. துடிப்பை எண்ணித் தூரமாக மாற்றுவது வண்டியின் மின்னணுப் பலகை.

அந்த எண் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு மிளகளவு நினைவகச் சில்லு. எட்டுக் கால் வைத்தது. மின்சாரம் போனாலும் எழுதியது அழியாத வகை, இ.இ.பிராம் என்பார்கள். அதில் ஓர் இடத்தில் சுமார் 10 லட்சம் முறை எழுதலாம் என்பது பொதுவான உத்தரவாதம். 100 மீட்டருக்கு ஒரு தடவை எழுதினால் 1 லட்சம் கிலோமீட்டரிலேயே அந்த 10 லட்சமும் தீர்ந்துவிடும். அதனால் மென்பொருள் இடம் மாற்றி மாற்றி எழுதும். 16 இடங்களில் சுழற்சியாக எழுதினால் கணக்குப்படி 16 லட்சம் கிலோமீட்டர் தாங்கும். ஒரே எண்ணை இரண்டு மூன்று பிரதிகளாக வைப்பதும் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது சாட்சி.

இவ்வளவு அக்கறையாகச் செய்த ஏற்பாடு தற்செயலான பழுதிலிருந்து எண்ணைக் காப்பாற்றும். வேண்டுமென்றே மாற்றுகிறவரிடமிருந்து எப்போதும் காப்பாற்றாது. எழுத முடிந்த சில்லில், கருவி உள்ளவர் வேறு எண்ணையும் எழுதலாம். சில தயாரிப்பாளர்கள் அதையும் எதிர்பார்த்து, எண்ணை இன்னொரு மின்னணுப் பெட்டியிலும் வைத்து ஒப்பிடுகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

கே: பாட்டரியைக் கழற்றி மாட்டினால் மீட்டர் ஜீரோ ஆகுமா?
– மளிகைக் கடைக்காரர், அரக்கோணம்

ப: ஆகாது. கடிகாரம் போகும், சில வண்டிகளில் டிரிப் மீட்டர் போகும். ஓடிய கணக்கு அப்படியே நிற்கும். "பாட்டரி மாத்தினப்போ மீட்டர் அழிஞ்சுபோச்சு" என்று விற்பவர் சொன்னால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கே: அப்பாவின் பழைய பைக்கில் மீட்டர் 99,999-ஐத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து வந்தது. டிஜிட்டலிலும் அப்படித்தானா?
– தையல் கலைஞர், திருப்பூர்

ப: பழைய மீட்டர்களில் பலவற்றுக்கு ஐந்தே இலக்கம்; லட்சம் வந்ததும் மறுபிறவி எடுக்கும். 1985 முதல் 1995 வரை ஹோண்டா கோல்ட் விங் ஒன்றில் உலகைச் சுற்றிய அர்ஜென்டினாக்காரர் எமிலியோ ஸ்கோட்டோவின் கின்னஸ் சாதனை 7,35,000 கிலோமீட்டர். ஐந்து இலக்க மீட்டர் அந்தத் தூரத்துக்கு ஏழு முறை பூஜ்யமாகி, கடைசியில் 35,000 என்று காட்டி நிற்கும். டிஜிட்டல் கன்சோலில் பெரும்பாலும் ஆறு இலக்கம். சில மாடல்கள் 9,99,999-இல் நின்றுவிடும். அந்தக் கவலை வரும் அளவு ஓட்டினால் எனக்கு எழுதுங்கள், உங்களைப் பற்றித் தனிக் கட்டுரை போடுவோம்.

கே: நான்கு வருடமான 150 சி.சி. பைக். மீட்டரில் 11,000 தான். வண்டி பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ப: மீட்டரைக் கையால் மூடிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பாருங்கள்.

முதலில் டயர். பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. வண்டி 2021 மாடல், பின் டயர் 2024 என்றால், 11,000 கிலோமீட்டருக்குள் எதற்கு டயர் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஆணி குத்திக் கிழிந்தது என்பார்; இருக்கலாம். முன் டயரும் 2024 என்றால் ஆணி எத்தனை என்று கேளுங்கள்.

அடுத்து பிரேக் டிஸ்க். வண்டி ஆறியிருக்கும்போது விரல் நகத்தை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுங்கள். பேட் படாத ஓரம் பழைய தடிமனிலேயே நிற்கும். பேட் உரசும் இடம் தேயும். நகம் படி இறங்குவதுபோல் தடுக்கினால், அந்த வண்டி நிறையப் பிரேக் பிடித்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலான டிஸ்க்கில் பொறித்தே இருப்பார்கள். வெர்னியர் காலிப்பர் உள்ள மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போனால் அரை நிமிடத்தில் அளந்துவிடுவார். 11,000 ஓடிய வண்டியின் டிஸ்க் அந்த எண்ணின் அருகே கூட வந்திருக்கக் கூடாது.

பிறகு செயின் ஸ்ப்ராக்கெட். பல் கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது 11,000-இன் தேய்மானம் இல்லை. புத்தம் புதிதாக இருந்தாலும் அதே கேள்வி: ஏன் மாற்றினீர்கள்? கியர் லிவர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடலின் மேல்முகம், சாவியின் பல் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பாலிஷ் போடுகிறவர்களுக்கு டேங்க் ஞாபகம் வரும், கியர் லிவர் ஞாபகம் வராது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்'கென்று பிடித்தால் ஹேண்டிலைத் தாங்கும் கோன் செட் தேய்ந்திருக்கிறது. கடைசியாகக் கன்சோல்: பின்பக்கத்து ஸ்க்ரூ தலைகள் சிராய்ந்திருக்கின்றனவா, மூடியின் இணைப்பில் நெம்பிய தடம் இருக்கிறதா?

ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெளிநாடு போனவரின் வண்டி, ஓய்வு பெற்றவர் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓட்டிய வண்டி, உண்மையாகவே 11,000 தான் ஓடியிருக்கும். அதில் பார்க்க வேண்டியது வேறு: காய்ந்த ரப்பர், பழைய பிரேக் ஆயில், டேங்க்குக்குள் துரு.

கே: சின்னக் கேள்விதான். என் நண்பர் வாங்கிய பைக்கின் மீட்டரில் 24,855 என்று இருந்தது. சர்வீஸ் சென்டரில் 40,000 என்கிறார்கள். யார் பொய்?
– ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

ப: இரண்டும் உண்மையாக இருக்கலாம். சில கன்சோல்களில் கிலோமீட்டர், மைல் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. 40,000 கிலோமீட்டர் என்பது சரியாக 24,855 மைல். பட்டனை அமுக்கி அலகை மாற்றி வைத்துவிட்டு விற்றவர் சில்லைத் தொடக்கூட இல்லை. ஆனால் தெரிந்தே செய்திருந்தால் அது ஏமாற்றுதான். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

கே: மீட்டரைத் தவிர வேறெங்காவது ஓடிய கணக்கு பதிவாகிறதா?
– மென்பொருள் பொறியாளர், கோவை

ப: நல்ல கேள்வி. வண்டி ஓடிய தூரம் நாம் நினைப்பதைவிட நிறைய இடங்களில் தடம் விட்டுச் செல்கிறது. மீட்டரைத் திருப்புகிறவர் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் திருப்புகிறார்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதோடு ஈ.சி.யு. என்ற கணினி, கோளாறுகளைக் கண்டு குறித்துவைக்கும் ஏற்பாடு எல்லாம் சாதாரண வண்டிக்கும் வந்துவிட்டன. மாடலைப் பொறுத்து, கோளாறு விளக்கு எரிந்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கோளாறுக் குறியீடுகளை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்பவற்றில் சிலவற்றையாவது ஸ்கேனர் மாட்டிப் படிக்கலாம். மீட்டர் 9,000 என்று சொல்லும்போது, குறியீடு அழித்த பிறகே 14,000 ஓடியதாகக் கணினி சொன்னால், வேறு சாட்சி தேவையில்லை.

அதைவிட எளிது காகிதம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் முதலில் எழுதுவது மீட்டர் ரீடிங். அது சேஸிஸ் எண்ணோடு நிறுவனத்தின் கணினியில் ஏறிவிடும். வேறு ஊரில் சர்வீஸ் செய்திருந்தாலும் அதே நிறுவனத்தின் கிளையில் பெரும்பாலும் பார்க்க முடியும். உரிமையாளரையே கூட்டிப் போய் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள்; வர மறுத்தால் அதுவே ஒரு பதில். விபத்துக் காப்பீடு கோரியிருந்தால் சர்வேயரின் அறிக்கையிலும் ரீடிங் இருக்கும். சில வண்டிகளை, முன்பு இணையத்தில் போட்ட விற்பனை விளம்பரப் படமே காட்டிக்கொடுக்கும்: இரண்டு வருடம் முன்பு 38,000 காட்டிய மீட்டர் இன்று 17,000.

எம்-பரிவாஹன் செயலியில் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு, வண்டி மீது கடன் இருக்கிறதா எல்லாம் தெரியும். ஓடிய கிலோமீட்டர் அங்கே இல்லை. இந்தக் குறையைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

கே: மழைத் தண்ணீர் புகுந்து என் கன்சோல் போய்விட்டது. புதுசு போட்டால் ஜீரோவிலிருந்து காட்டுகிறது. நானும் மோசடிக்காரன் ஆகிவிடுவேனா?
– மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

ப: மறைத்தால் மட்டும். சில வண்டிகளில் பழைய எண்ணைப் புதுக் கன்சோலுக்கு நிறுவனமே ஏற்றித் தரும், கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் மாற்றிய தேதி, பழைய ரீடிங், புதுக் கன்சோலின் ரீடிங் மூன்றையும் பில்லிலும் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதி முத்திரை வாங்குங்கள். பழைய கன்சோல் எரிகிற நிலையில் இருந்தால் அந்த எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். விற்கும்போது அந்த பில்லை முதலில் நீட்டுங்கள்.

கே: மீட்டர் 80 காட்டும்போது ஜி.பி.எஸ். 75 தான் காட்டுகிறது. அப்படியானால் என் பைக் ஓடிய கிலோமீட்டரும் அதிகமாகத்தானே காட்டும்?
– மருந்துப் பிரதிநிதி, சேலம்

ப: இல்லை. இரண்டும் ஒரே சென்சாரிலிருந்து வந்தாலும் கணக்கு வேறு. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகளும் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி. காற்று கூடிய டயர், தேயாத புது டயர், கொஞ்சம் பெரிய டயர் எது வந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்க, தயாரிப்பாளர் கொஞ்சம் கூட்டியே வைப்பார். தூரக் கணக்கில் அப்படிக் கூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அது பொதுவாக உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கும்.

சோதிக்க வேண்டுமா? நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 50 கிலோமீட்டர் ஓட்டி டிரிப் மீட்டரோடு ஒப்பிடுங்கள். டயரில் 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் 17 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். அந்த அளவு மீட்டர் கூட்டிக் காட்டும். 1 லட்சத்துக்கு ஆயிரம். இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

கே: பிக்கப்புக்காக முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். மீட்டர் வேகமாக ஏறுவது போல் இருக்கிறது. பிரமையா?
– மெக்கானிக், பெரியகுளம்

ப: பிரமை இல்லை. உங்கள் வண்டியின் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. 15 பல்லை 14 ஆக்கினால், அதே தூரத்துக்கு அந்தத் தண்டு 7 சதவீதம் அதிகம் சுற்றும். மீட்டரும் 7 சதவீதம் கூட்டிக் காட்டும். சக்கரத்தில் சென்சார் உள்ள வண்டியில் இந்தப் பிரச்சினை வராது.

கே: சென்டர் ஸ்டாண்டில் போட்டு கியரில் ஓடவிட்டால் கிலோமீட்டர் ஏறுமா?
– பிளஸ் டூ மாணவன், ஆம்பூர்

ப: சென்சார் பின்சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருந்தால் ஏறும், முன்சக்கரத்தில் இருந்தால் ஏறாது. வீட்டில் அப்பா இல்லாத நேரத்தில் செய்து பார்க்காதே தம்பி. சுற்றுகிற செயினில் விரல் போனால் திரும்ப வராது.

கே: கன்சோலில் லிட்டருக்கு 52 என்று மைலேஜ் காட்டுகிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 47 தான். எதை நம்புவது?
– தாலுகா அலுவலக ஊழியர், உளுந்தூர்பேட்டை

ப: பெட்ரோல் பங்க் பில்லை. கன்சோல் பெட்ரோலை அளப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து எவ்வளவு போயிருக்கும் என்று கணிக்கிறது. ஓடிய தூரத்தை அதால் வகுக்கிறது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பிழை சேரும். வாய் வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் அதே மட்டம் வரை நிரப்பிப் பாருங்கள். கன்சோல் எண்ணை நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். திடீரென்று 52 என்பது 44 ஆனால் வண்டியில் ஏதோ கோளாறு.

கே: 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட்டிச் சான்றிதழ் வாங்குகிறார்களே, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினால் போதுமா?
– புல்லட் பிரியர், மதுரை

ப: போதாது. அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் தரும் அந்தச் சான்றிதழுக்கு 1,000 மைல் ஓட வேண்டும். வழியெல்லாம் பெட்ரோல் ரசீது, தேதி, நேரம், இடம் எல்லாம் கேட்பார்கள். ரசீதுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை வரைபடத்தில் சரிபார்ப்பார்கள். தூரத்தையே மூச்சாக வைத்து ஓட்டுகிறவர்கள் மீட்டரை ஒற்றைச் சாட்சியாக ஏற்பதில்லை, கவனியுங்கள். தூக்கம் வந்தால் ஓரங்கட்டிப் படுங்கள். சான்றிதழ் அடுத்த மாதமும் கிடைக்கும்.

கே: லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிறேன். பழைய பைக் வாங்கலாம் என்று பார்க்கிறேன். இங்கேயும் இந்தப் பிரச்சினை உண்டா?
– மேற்படிப்பு மாணவர்

ப: உண்டு, ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. அங்கே மூன்று வயதான வண்டி ஆண்டுதோறும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ரீடிங்கைக் குறிக்கிறார்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால் அந்த வரலாற்றை அரசு இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் வருடா வருடம் ஏறியிருக்க வேண்டும். ஒரு வருடம் இறங்கியிருந்தால் விலகிவிடுங்கள். அங்கே எண்ணை மாற்றுவது மட்டுமே தனிக் குற்றம் ஆகாது. மாற்றியதை மறைத்து விற்பது குற்றம். ஜெர்மனி 2005-இலேயே மாற்றுவதையே குற்றமாக்கிவிட்டது. அமெரிக்காவில் 1972 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது.

கே: நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? ஏமாந்தால் எங்கே போவது?
– வாசகி, திண்டுக்கல்

ப: மோட்டார் வாகனச் சட்டத்தில் மீட்டர் ரீடிங்கைத் திருத்துவதற்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் பொய் எண்ணைக் காட்டிப் பணம் வாங்குவது மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும். ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கைமாறச் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் நல்ல வழி. 2019 சட்டப்படி, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒரு பைக்குக்கு அது தாராளம். வக்கீல் வைக்காமலும் வாதாடலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற வேண்டும். கையில் இருக்கும் வண்டியை எதற்காக, யார், எப்போது, எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். கடைக்குப் போனால் அந்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், உங்கள் பணம்.

கே: இரண்டு வருடம் உணவு டெலிவரி செய்தேன். வண்டி 68,000 ஓடியிருக்கிறது. யாரும் நல்ல விலை தர மாட்டேன் என்கிறார்கள். "25,000 ஆக்கிடலாம், எல்லாரும் பண்றாங்க" என்று ஒருவர் ஆசை காட்டுகிறார். மனசு தடுக்கிறது.
– டெலிவரி ஊழியர், சென்னை

ப: தடுக்கிற மனசு சரியாகத்தான் தடுக்கிறது தம்பி. அந்த 68,000 உங்கள் வெயிலும் மழையும். அதை அழிக்க வேண்டாம்.

யார் தலையில் விழும் என்று பாருங்கள். 25,000 என்று நம்பி வாங்குகிறவர் டைமிங் செயினையோ வீல் பேரிங்கையோ சந்தேகப்பட மாட்டார். வால்வு இடைவெளி பார்க்கும் கெடு, ஸ்பார்க் பிளக் மாற்றும் கெடு எல்லாவற்றையும் பொய் எண்ணை வைத்தே எண்ணுவார். சர்வீஸ் கெடு தள்ளிப்போகும். பின்சக்கர பேரிங் ஒரு நாள் பைபாஸில் இறுகும். பின்னால் உட்கார்ந்திருப்பது அவர் மனைவியாக, குழந்தையாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கிலோமீட்டர் மட்டுமே வண்டியின் வயதில்லை. 40,000 கிலோமீட்டரை நகர நெரிசலில் சராசரி 20 வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் 2,000 மணி நேரம் உழைத்திருக்கும். நெடுஞ்சாலையில் சராசரி 50-இல் ஓட்டினால் 800 மணி நேரம். கே.டி.எம். போன்ற நிறுவனங்கள் மண்பாதை ரேஸ் பைக்குகளுக்குச் சர்வீஸ் கெடுவை மணி நேரத்தில்தான் சொல்கின்றன. உங்கள் வண்டியின் தேய்மானத்தை மறைக்காமல், பராமரிப்பைக் காட்டுங்கள். ஆயில் மாற்றிய பில், கிளட்ச் மாற்றிய பில், செயின் செட் பில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு வாங்குகிறவர் கையில் கொடுங்கள். "68 ஓடியிருக்கு, இதெல்லாம் மாத்தியிருக்கேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பைக் தெரிந்தவர்கள் அந்த ஃபைலுக்கு விலை கொடுப்பார்கள். கொஞ்சம் குறைத்துக் கேட்டால் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். நிம்மதியாக விற்ற வண்டிக்கு யாரும் ராத்திரி போன் செய்ய மாட்டார்கள்.

கே: மின்சார ஸ்கூட்டரில் இந்த வம்பே இல்லையல்லவா?
– இல்லத்தரசி, ராணிப்பேட்டை

ப: குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் ஸ்கூட்டர்கள் உட்படப் பல மாடல்களில் சிம் உண்டு. ஓடிய தூரம் நிறுவனத்தின் சர்வருக்கும் போய்விடும். கன்சோலில் மட்டும் கை வைத்தால் சர்வர் ஒத்துக்கொள்ளாது. பாட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆனது என்பதைப் பாட்டரியைக் கவனிக்கும் பலகையும் குறித்துவைக்கும். மின்சார வண்டியில் மீட்டரைவிட முக்கியம் பாட்டரி ஆரோக்கிய அறிக்கை. 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை பாட்டரி வாரண்டி தருகிறவர்கள் உண்டு. எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. பழையது வாங்கினால் அந்த வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கே: இவ்வளவு சொல்கிறீர்கள். இதற்கு ஒரே ஒரு தீர்வு சொல்லச் சொன்னால்?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், புதுக்கோட்டை

ப: ரீடிங்கை அரசுப் பதிவில் ஏற்ற வேண்டும் ஐயா. புகைச் சோதனைக்கு வண்டி போகத்தான் போகிறது, காப்பீடு புதுப்பிக்கத்தான் போகிறோம், ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் நிரப்பத்தான் போகிறோம். இந்த மூன்று இடத்திலும் மீட்டரின் எண்ணைக் குறித்து, வண்டி எண்ணைப் போட்டால் எவரும் பார்க்கும்படி வைத்தால் போதும். பிரிட்டனில் நடப்பது இதுதான். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை 38,000 என்று பதிவான வண்டியை அடுத்த வருடம் 17,000 என்று விற்க எந்த லேப்டாப்பாலும் முடியாது. போக்குவரத்துத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நாமே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வண்டியை விற்கும்போதும் வாங்கும்போதும் விற்பனைக் கடிதத்தில் "இன்றைய மீட்டர் ரீடிங் இவ்வளவு; என் அறிவுக்கு எட்டியவரை இது உண்மை" என்று ஒரு வரி எழுதி, இரண்டு பேரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். பிறகு தகராறு வந்தால் காவல் நிலையத்திலும் ஆணையத்திலும் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள் அதுதான்.